அல்லங்காடிக்கு அருகே ஒரு விடுதி

பழந்தமிழர் அங்காடியை இரண்டாகப் பகுத்துப் பெயரிட்டனர். பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. ‘அல்’ என்றால் இரவு. பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியில், மாங்குடி மருதனார் மதுரை மாநகரின் இவ்விரு அங்காடிகளையும் காட்டியுள்ளார். சிலப்பதிகாரத்தின் புகார் நகரில், மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்தது. வகுப்பில் இப்பகுதிகளைக் கற்பிக்கும்போது, ‘அல்லங்காடி’ என்ற சொல்லுக்குப் பொருள் கூற நான் அகராதியைத் தேடியதில்லை. “நம் ஊர் பாசார் மாலாம்தான்” என்பேன். மாணவர் முகம் உடனே மலரும். ஈராயிரம் ஆண்டுப் பழஞ்சொல் ஒன்று, எண்ணெயில் பொரியும் வாழைப்பழத்தின் மணத்தோடு அவர்கள் நெஞ்சில் பதிந்துவிடும்.

நம் நாட்டுக் குடியிருப்புகளில் வாரத்திற்கு ஒரு நாள் கூடும் இரவுச் சந்தைக்கு யாரும் விடுதி தேடுவதில்லை. மாலையில் போய், காய்கறியும் பலகாரமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். ஆனால் பெருநகரங்களின் இரவுச் சந்தைகள் வேறு வகையின. கோலாலம்பூரின் பெட்டாலிங் வீதி, பினாங்கின் பத்து பெரிங்கி, மலாக்காவின் ஜோங்கர் வீதி ஆகியவற்றைக் காண வெளியூரினர் பெட்டியும் பையுமாக வந்து இறங்குகின்றனர். அவர்கள் இரவு எங்கேனும் தங்கியாக வேண்டும். எங்கே தங்குவது என்னும் வினா அற்பமானது போலத் தோன்றும். சந்தை எத்தகையது என்பதைப் பலரிடம் விசாரிக்கும் நாம், படுக்கும் இடத்தை மட்டும் விலையைப் பார்த்தோ படத்தைப் பார்த்தோ முடிவு செய்துவிடுகிறோம். சந்தையை எவ்வளவு காண்போம், எப்படிக் காண்போம், யாரோடு காண்போம் என்பனவற்றையெல்லாம் அந்தப் படுக்கையே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. இதை எனக்கு விளங்க வைத்தவர் என் அக்கா.

என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர் அவர். எனக்கு விவரம் தெரியும் முன்பே தந்தையார் மறைந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அக்கா பால்மரக் காட்டுக்குப் போனார். அவர் வெட்டிய மரங்களின் பாலில்தான் என் பள்ளிச் சீருடையும், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லும்போது என் கையிலிருந்த தகரப் பெட்டியும் வந்தன. தோட்டம் கைமாறி லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பின்னர், அவர் சிறுநகர் ஒன்றில் குடியேறி இரவுச் சந்தைகளில் வடையும் முறுக்கும் விற்றார். திங்கட்கிழமை ஒரு குடியிருப்பு, புதன்கிழமை மற்றொன்று, சனிக்கிழமை வேறொன்று எனச் சந்தை நகர, அவரும் அதனோடு நகர்ந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு அடுப்பை மூட்டினால், இரவு பத்து மணிக்கு மேல்தான் சட்டியை இறக்குவார். அவ்வாறு நின்ற ஆண்டுகள் இருபதுக்குக் குறையா. இன்று அவருடைய முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயின. கைத்தடியின் துணையோடு சிறிது தூரம் நடப்பார். பிறகு உட்கார வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள், பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “எத்தனையோ சந்தையில நின்னிருக்கேன், தம்பி. ஒரு சந்தையிலயாவது கையை வீசிக்கிட்டு, வாங்குற ஆளா நடந்து பார்த்ததில்ல. மலாக்காவுல பெரிய சந்தை இருக்குதாமே?”

தமக்கென எதையும் கேட்டறியாதவர் கேட்டார். மறுப்பதற்கில்லை. ஆனால், “சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுன்னா வேணாம். என் காலால நடந்து பார்க்கணும்” என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்.

அக்காவின் மகன் அன்றே விடுதி தேடத் தொடங்கினான். அவன் தேர்ந்தது, கடலோரம் மண் கொட்டி மேடாக்கிய நிலத்தில் எழுந்த பல மாடி விடுதி. மின்தூக்கி உண்டு, அகன்ற குளியலறை உண்டு, வாசல்வரை கார் போகும். “அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம், மாமா” என்றான். சிறுவயதில் எண்ணெய்ச் சட்டியையும் மடக்கு மேசையையும் தாயோடு சுமந்தவன் அவன். தாய் இனி எந்தச் சுமையும் சுமக்கலாகாது என்பது அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்த உறுதி. அவன் தேர்வில் அன்பு இருந்தது, அறிவும் இருந்தது. ஆயினும் என் மனம் ஒப்பவில்லை. காரணத்தை அவனுக்கு விளக்க மலாக்காவின் நில அமைப்பை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அதனை இங்கும் சொல்வது பொருந்தும்.

மலாக்கா ஆறு நகரை இரண்டாகப் பிரித்துக் கடலில் கலக்கிறது. கிழக்குக் கரையில் செந்நிறக் கட்டடங்கள் சூழ்ந்த டச்சுச் சதுக்கம், 1753-இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயம், அதன் பின்னே செயின்ட் பால் குன்று ஆகியன உள்ளன. அவற்றிற்கும் தெற்கே, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் பெரிய விடுதிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. மேற்குக் கரையில் பழைய வணிகர் குடியிருப்பு. அங்கே மூன்று தெருக்கள் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. கடற்பக்கம் இருப்பது முன்பு ஹீரன் வீதி எனப்பட்ட ஜாலான் துன் டான் செங் லோக். நடுவில் இருப்பது ஜாலான் ஹங் ஜெபாட். ஊரார் நாவில் அதுதான் ஜோங்கர் வீதி. அதற்குப் பின்னே ஜாலான் துக்காங் பெசி, ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் தோக்கோங் என்று பெயர் மாறி மாறிச் செல்லும் ஒரே நீள் தெரு. கொல்லர் தெரு, பொற்கொல்லர் தெரு, கோயில் தெரு என்று அப்பெயர்களைத் தமிழாக்கலாம்.

இரவுச் சந்தை கூடுவது நடுத்தெருவில். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய அச்சந்தை எல்லா இரவுகளிலும் இருப்பதில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய வார இறுதி இரவுகளுக்கே உரியது. இதை அறியாமல் செவ்வாய்க்கிழமை வந்து, வெறுந்தெருவைப் பார்த்துத் திரும்புவோர் இன்றும் உளர். ஆகவே விடுதி தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அன்று, நாட்காட்டியை. அம்மூன்று இரவுகளிலும் அறை வாடகை உயரும். பள்ளி விடுமுறையும் சேர்ந்துவிட்டால் மேலும் உயரும். இவற்றுள் சனிக்கிழமை இரவில்தான் கூட்டம் தோளோடு தோள் உரசும். மறுநாள் வேலைக்குச் செல்வோர் ஊர் திரும்பிவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை இரவில் நெரிசல் தளரும். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு அந்தத் தளர்ச்சி பெருங்கொடை. பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு இரவை நாங்கள் தேர்ந்தோம். மருமகன் திங்கட்கிழமைக்கு விடுப்பு எடுத்தான்.

அடுத்தது தொலைவு. பெரிய விடுதிகள் தங்கள் விளம்பரங்களில் சந்தைக்கு ‘மிக அருகில்’ இருப்பதாகக் கூறிக்கொள்ளும். பறவை பறக்கும் கணக்கில் அது உண்மையாக இருக்கலாம். பறவைக்கு ஆறு இல்லை, பாலம் இல்லை, சாலையைக் கடக்கும் விளக்கும் இல்லை. கடலோர விடுதிகளிலிருந்து சந்தைக்கு ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத நடை. இளைஞர்க்கு அது பொழுதுபோக்கு. தேய்ந்த முழங்காலுக்கு அது மலை. காரில் போகலாம் என்று மருமகன் சொன்னான். ஆனால் வார இறுதி மாலையில் பாலத்தை ஒட்டிய சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். பூவும் பொம்மையும் மின்விளக்கும் பூண்ட மூன்று சக்கரப் பேச்சா வண்டிகள் உரத்த பாட்டோடு நடுவே நுழையும். கடைகள் விரிந்த பின் சந்தைத் தெருவுக்குள் கார் போக இயலாது. எங்கோ இறக்கிவிட்டு, எங்கோ நிறுத்திவிட்டு, மீண்டும் அழைத்துக்கொள்ள எங்கோ காத்திருக்க வேண்டும். அக்காவுக்குக் கால் வலித்தால், அந்த நொடியில் உட்காரவும் படுக்கவும் இடம் வேண்டும். அரை மணி நேரம் கழித்து அன்று.

அப்படியானால் சந்தைத் தெருவிலேயே தங்கலாமே என்று கேட்கலாம். அங்கும் விடுதிகள் உண்டு. பெரும்பாலானவை பழைய கடைவீடுகளை மாற்றி அமைத்தவை. அவ்வீடுகளின் அமைப்பை அறிந்து கொண்டால்தான் அவற்றில் எந்த அறையைக் கேட்பது என்பது விளங்கும். முகப்பு குறுகலாகவும் உள்ளே ஆழம் மிக நீண்டும் இருக்கும். முகப்பின் அகலத்தைக் கணக்கிட்டு டச்சுக்காரர் வரி விதித்ததே இதற்குக் காரணம் என்று ஊரார் கூறுவர். வாசலில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி நடைபாதை. உள்ளே காற்றும் ஒளியும் வர வானம் பார்த்த முற்றம். இவ்வமைப்பில், தெருவை நோக்கிய முன்னறைகளுக்குச் சன்னல் உண்டு. ஆனால் சந்தையின் பாட்டும் கூச்சலும் அச்சன்னல் வழியே நள்ளிரவுவரை வந்துகொண்டிருக்கும். நடு அறைகள் அமைதியானவை. ஆனால் பலவற்றிற்குச் சன்னலே இராது. மாடி அறைகளுக்குச் செல்லும் மரப்படிகள் செங்குத்தானவை, மின்தூக்கியை எதிர்பார்ப்பதற்கில்லை. பின்புறத்துத் தரைத்தள அறையே முதியோர்க்கு ஏற்றது. ஆனால் ஒரு வீட்டில் அத்தகைய அறை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும்.

என் எண்ணம் மூன்றாவது தெருவின் மேல் சென்றது. சந்தைக்குப் பின் தெருவாகிய அதனின்றும் குறுக்குச் சந்து ஒன்றைக் கடந்தால் சந்தையின் நடுப்பகுதிக்கே வந்துவிடலாம். இடையில் இருக்கும் வீட்டு வரிசை ஓசையைத் தடுத்து நிறுத்திவிடும். அருகும் உண்டு, அமைதியும் உண்டு.

இதை மருமகன் ஏற்கவில்லை. “பழைய வீடு, வழுக்கும் தரை, இரவில் அவசரம் என்றால் கார் வாசலுக்கு வருமா?” என்று கேட்டான். ஒவ்வொன்றும் நேர்மையான வினா. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அவன் வாயை அடைக்க நான் விரும்பவில்லை. இரு வாரம் இந்தப் பேச்சு நடந்தது. இறுதியில் அவனே, “அம்மாவையே கேட்போம், மாமா” என்றான். நான் வரைந்த படத்தை அக்காவின் முன் விரித்தோம். இவ்வழியாகப் போனால் இத்தனை நிமிடம், அவ்வழியாகப் போனால் இத்தனை நிமிடம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அக்கா கையமர்த்தினார்.

“போற தூரத்தச் சொல்லாத, தம்பி. வர்ற தூரத்தச் சொல்லு. போறப்போ ஆசை இழுத்துக்கிட்டுப் போயிரும். வர்றப்போ கால்தான் வரணும். சட்டியத் தூக்கிக்கிட்டு வந்தவளுக்குத் தெரியும், வர்ற தூரந்தான் தூரம்.”

மருமகன் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தன் விரலைப் பின் தெருவின் மேல் வைத்தான்.

அதன் பின்னர் இருவரும் சேர்ந்து, அத்தெருவிலும் அதனை ஒட்டியும் இருந்த சிறு விடுதிகளைத் தொலைபேசியில் விசாரித்தோம். மாணவர்க்கு வினாத்தாள் எழுதிய பழக்கத்தில், ஐந்து வினாக்களை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டேன். தரைத்தளத்தில் அறை உண்டா? அந்த அறையின் சன்னல் எத்திசையில் திறக்கிறது? குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா. அதன் வாசலில் படி இருக்கிறதா? சந்தை நாளில் கார் எதுவரை வரும். எத்தனை மணிக்குள் வர வேண்டும்? இரவு எந்நேரமும் உள்ளே வர வழி உண்டா? இவற்றில் கடைசி வினாவைப் பலர் கேட்பதில்லை. சிறு விடுதிகள் பலவற்றில் இரவு முழுவதும் ஆள் இருப்பதில்லை. கதவுக்கு எண்பூட்டு இருக்கும். அந்த எண்ணை அறிந்திராமல் வெளியே நிற்கும் நிலை முதியவரோடு வந்தவர்க்கு நேரக் கூடாது.

விடைகள் பலவிதமாக வந்தன. “எல்லாம் வசதிதான்” என்று பொதுவாகக் கூறிய இடங்களை ஒதுக்கினோம். ஓரிடத்தில் பேசிய பெண்மணி, “குளியலறை வாசலில் நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு தடுப்பு இருக்கிறது, உங்கள் தாயார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குள் வந்தால் வாசலில் இறக்கிவிடலாம்; பிறகு கடினம்” என்றார். குறையைச் சொன்ன அந்த இடத்தையே தேர்ந்தோம். குறை சொல்லத் தெரிந்தவர் நிறையையும் மிகைப்படுத்தமாட்டார் என்பது, பெற்றோரும் ஆசிரியரும் வந்து பேசும் அறையில் பல்லாண்டு அமர்ந்த எனக்குத் தெரிந்த பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே சென்று சேர்ந்தோம். அக்கா சிறிது உறங்கினார். ஆறரை மணி அளவில் புறப்பட்டோம். சந்தைக் கடந்து திரும்பியதும் தெரு முழுதும் விளக்குகள். பனை வெல்லப் பாகு ஊற்றிய செண்டோல், கோழிச்சோற்று உருண்டைகள், அன்னாசித் தார்ட்டுகள், மணி கோத்த நியோன்யா காலணிகள், பொம்மைகள், விசிறிகள், சீப்புகள் எனக் கடைகள் நீண்டன. அக்கா பொருள்களைப் பார்த்ததைவிடக் கடைக்காரர்களைப் பார்த்ததே மிகுதி. “இவ மேசைய உயரமா போட்டிருக்கா, முதுகு தப்பிச்சிரும்.” “இவன் விளக்கத் தப்பா கட்டியிருக்கான், வாங்குறவங்க கண்ணு கூசும்.” வாங்குபவராக வந்தவர் இன்னும் விற்பவராகவே பார்க்கிறாரே என்று எண்ணினேன்.

அரை மணி நேரத்தில் கால் வலி தொடங்கிற்று. மருமகன் முகம் வாடியது. அக்கா, “வா, போய்ப் படுத்துட்டு வருவோம்” என்றார். வீட்டின் முன்கூடத்தில் இருந்து பின்கட்டுக்குப் போவது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். சந்தைத் தாண்டினோம்; அறைக்கு வந்தோம். காலை உயர்த்தி வைத்து, சூடான ஒத்தடம் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓய்ந்தார். எட்டரை மணிக்கு அவரே எழுந்து கைத்தடியை எடுத்தார். இரண்டாம் முறை சென்றபோது தெருவின் மறுபாதியைப் பார்த்தோம். கடலோர விடுதியில் தங்கியிருந்தால் அந்த முதல் அரை மணியோடு எல்லாம் முடிந்திருக்கும். திரும்பிச் சென்றவர் மீண்டும் வந்திருக்க மாட்டார். அருகிலிருக்கும் விடுதியின் பயன் சீக்கிரம் போய்ச் சேர்வது என்றே பலரும் கருதுகின்றனர். அன்றிரவு நான் கண்டது, திரும்பி வந்து இளைப்பாறி மறுபடியும் போக முடிவதே அதன் பெரும் பயன்.

இரண்டாம் நடையில்தான் அக்கா எதையாவது வாங்கினார். தெரு முடிவுக்குச் சற்று முன்பு, வயது முதிர்ந்த சீனப் பெண்மணி ஒருவர் மரச் சீப்புகள் விற்றுக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு சீப்புகளை எடுத்து மலாய் மொழியில் விலை கேட்டார். நான் வழக்கம்போல் குறைத்துக் கேட்க வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பற்றினார். “பேரம் பேசாத, தம்பி. பத்து மணிக்கு மிச்ச சரக்கக் கட்டுறப்போ எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.” கேட்ட விலையைக் கொடுத்தார். பின்னர், அப்பெண்மணி காட்டிய சிறு முக்காலியில் அமர்ந்தார். இருவரும் முழங்கால் வலியைப் பற்றி நெடுநேரம் பேசினர். ஓர் எண்ணெயின் பெயரை இவர் சொல்ல, ஓர் இலையின் பெயரை அவர் சொன்னார். மருமகன் சற்றுத் தள்ளி நின்று, தாய் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுதியைத் தேர்பவர் பெரும்பாலும் இரவை மட்டுமே நினைக்கின்றனர். சந்தை அடங்கிய பின் வரும் விடியல் அத்தெருவில் எப்படி இருக்கும் என்று எண்ணுவதில்லை. நாங்கள் தங்கிய பின் தெருவுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. அதன் கோபுரம் சீனக் கோயிலின் அடுக்கு மண்டபத்தை நினைவூட்டும். பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் அதே வரிசையில் இருக்கிறது. அவ்விரண்டோடும் ஒரே வரிசையில், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. வைகறையில் பள்ளிவாசலின் பாங்கொலி கேட்டு அக்கா விழித்தார். சிறிது நேரத்தில், குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாரைக் காண வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார். முந்திய இரவு பரபரத்த ஊரா இது என்று ஐயுறும்படி தெரு அமைதியாக இருந்தது. கைத்தடியின் ஒலி மட்டுமே எங்களோடு வந்தது.

அந்தக் கோயிலை எழுப்பியோர் மலாக்காச் செட்டிகள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழிவந்தோர். 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824-இல் ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறினாலும் அவர்கள் சைவ நெறியைக் கைவிடவில்லை. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் இன்றும் அவர்கள் கோயில்கள் உள்ளன. ஆனால் வீட்டில் பேசும் மொழி மலாய் ஆயிற்று. தமிழ் அவர்கள் நாவை விட்டு நீங்கிற்று. கோயில் வாசலில் நின்றிருந்த ஓர் அம்மையாரிடம் அக்கா தமிழில் ஏதோ கேட்க, அவர் கைகூப்பி மலாய் மொழியில் விடை கூறினார். அக்காவும் மலாய் மொழிக்கு மாறினார். முன்னிரவில் சீப்பு விற்றவரிடம் பேசிய அதே மலாய். வெளியே வந்ததும், “சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் எங்க போச்சு, தம்பி?” என்று கேட்டார்.

தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியனாகிய எனக்கு அவ்வினா நெஞ்சில் தைத்தது. போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ், தாம் 1512 முதல் 1515 வரை இருந்த மலாக்காத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். அந்த மொழிகளுள் தமிழும் அந்த அங்காடிகளில் ஓங்கி ஒலித்த ஒன்று. வழிபாட்டைக் காக்கக் கோயில் இருந்தது. மொழியைக் காக்க அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பள்ளி அன்று இருக்கவில்லை. “பேச்சுக்குக் கோயில் பள்ளிக்கூடம்தான், அக்கா” என்றேன். அவர் தலையசைத்தார். ‘இதற்காகத்தானே உன்னைப் படிக்க வைத்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். ஆற்றுக்கு அப்பால் தங்கியிருந்தால் இந்த விடியலும் எங்களுக்கு வாய்த்திருக்காது. காலை உணவை முடித்துக்கொண்டு நெடுஞ்சாலையைப் பிடித்திருப்போம்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பின் தெருவின் சிறு விடுதியே எல்லார்க்கும் ஏற்றது என்று நான் கூறமாட்டேன். நாற்பது மாணவரோடு பேருந்தில் செல்வோர்க்கு ஆற்றுக்கு அப்பாலுள்ள பெரிய விடுதியே தகும். பேருந்து நிற்க இடம் வேண்டும்; ஒரே தளத்தில் அறைகள் வேண்டும்; இரவில் எண்ணிப் பார்க்க ஒரே வாசல் வேண்டும். சிறுவர் கால்கள் ஒரு கிலோமீட்டருக்கு அஞ்சுவதில்லை. கைக்குழந்தையோடு செல்வோர்க்கு ஓசையற்ற அறை முதல் தேவை. தனியே செல்லும் இளைஞர்க்கோ ஓசையே இன்பம். அளவுகோல் மட்டும் யாவர்க்கும் ஒன்றே. கூட்டத்தில் மெல்ல நடப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் களைத்த பின் திரும்பி வரும் தூரத்தை அளக்க வேண்டும். அந்தத் தூரத்திற்கு உட்பட்டே விடுதியைத் தேட வேண்டும். வகுப்பறையில் பாடத்தின் வேகத்தை யாரை வைத்து அளக்கிறோமோ, அவரை வைத்தே பயணத்தின் தூரத்தையும் அளப்பது ஆசிரியர்க்குப் புதிதன்று.

அக்கா வாங்கி வந்த இரண்டு சீப்புகளில் ஒன்றை என் மனைவிக்குக் கொடுத்தார். மற்றொன்று அவரது தலையணைக்கு அருகே இருக்கிறது. அண்மையில் அவரைப் பார்க்கச் சென்றபோது, பினாங்கில் எந்த நாளில் சந்தை கூடும் என்று கேட்டார். நான் விடை சொல்லும் முன்பே, மருமகன் மேசையறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தான். தெருக்களை அவனே வரைந்திருந்தான். சந்தையிலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியைச் சிவப்பு மையால் குறித்திருந்தான்.